சத்தமில்லாத உண்டியல்

ஒரு புத்தகத்தை எழுதுவதைவிட, அதை ஏன் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று சொல்வது கஷ்டமான சோலி. சொல்கிற காரணம் புதிதாக இருக்க வேண்டும். கேட்கிறவருக்குச் சட்டென்று புரிய வேண்டும். பொய்யாகவும் இருக்கக் கூடாது, பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு நோட்டுப் போட வேண்டும். மூன்றும் பொருந்திய காரணம் ஒன்று நாலு வருஷமாக என்னிடம் இருந்தது. என் கம்ப்யூட்டர் கத்தும்.

நிஜமாகவே கத்தும். சுவிட்சைப் போட்டதும் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்ளும். அப்புறம் லோடு லாரி ஒன்று கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற மாதிரி நீளமாக ஒரு முக்கல். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஓய்ந்துபோய், நான் ஒரு வரியின் வாலைப் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து மறுபடி ஆரம்பிக்கும். நான் எழுதுவது வசனமாகவும் இல்லாமல் கவிதையாகவும் இல்லாமல் நடுரோட்டில் நிற்கிற ஒரு ரகம். மூடுபனியைப் பற்றி நாற்பத்தோரு துண்டுகள் எழுதியிருந்தேன். நாற்பத்திரண்டாவது வந்துவிட்டால் புத்தகம் முடிந்தது. அது வராமல் இருப்பதற்குக் கம்ப்யூட்டருக்குள் சுற்றுகிற காற்றாடிதான் பொறுப்பு என்று மதுரையில் இருக்கும் என் பதிப்பாளரிடம் சொன்னேன், தங்கச்சியிடம் சொன்னேன், பால் ஊற்றுகிறவரிடம்கூடச் சொன்னேன். எல்லோரும் பாவம் என்றார்கள். பால்காரர் மட்டும் கிரீஸ் வைக்கச் சொன்னார்.

பாவம் என்று சொல்லாத ஒரே ஆள் என் கணவர். கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் இருபத்திரண்டு வருஷமாக ரிசப்ஷனில் நிற்கிறார். வருகிறவர்கள் சொல்கிற காரணங்களைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்தவர். ரூமில் வெந்நீர் வரவில்லை என்பவனையும், வெந்நீர் வந்தும் பில்லில் குறைக்கப் பார்க்கிறவனையும் குரலை வைத்தே பிரித்துவிடுவார். நான் காற்றாடியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதே ரிசப்ஷன் முகத்தோடு தலையாட்டுவார்.

எங்கள் வீடு செண்பகனூரில், ரோட்டிலிருந்து கொஞ்சம் இறங்கினாற்போல. மொத்தம் மூன்று அறை. கிழக்கே பார்த்த அறை என்னுடையது. ஜன்னலைத் திறந்தால் பெருமாள் மலை, மூடினால் பெருமாள் மலை இருந்த இடத்தில் என் முகம். அந்த ஜன்னல்தான் வினை. ஐந்தாறு வருஷத்தில் எங்கள் தெரு முழுக்க ஹோம்ஸ்டே ஆகிவிட்டது. மாட்டுக்கொட்டகைக்கு டைல்ஸ் ஒட்டி அதற்கு ஒரு ஆங்கிலப் பூவின் பெயரை வைத்து போர்டு மாட்டிவிட்டார்கள். ஹோம்ஸ்டே ஆகாமல் மிச்சம் இருந்தது எங்கள் வீடும் டிரான்ஸ்ஃபார்மரும்தான்.

தை மாதம் ஒரு காலையில், டூட்டிக்கு ஷூ மாட்டிக்கொண்டே அவர் பேச்சை எடுத்தார். கோபமாக இல்லை. புக்கிங் எடுக்கிற குரலில்.

"இந்தாம்மா. சித்திரை பொறந்தா சீசன். அதுக்குள்ள ஒம் புக்கு முடிஞ்சிருச்சுன்னா அந்த ரூம் ஒனக்கு. நான் சாகுற வரைக்கும் கேக்க மாட்டேன். முடியலைன்னா கட்டில் போட்டுருவேன். வ்யூ சும்மா கெடக்கு."

"சத்தம் நின்னா ஒரே வாரத்துல முடிச்சிருவேங்க."

"அப்ப மொதல்ல சத்தத்த நிப்பாட்டு."

ஷூ கயிற்றைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். ஆக, பந்தயம் அந்த அறை. ஜன்னல், மேஜை, சுவரில் ஈரம் வரைந்த படம், கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை எல்லாம் சேர்த்து. ஐம்பதை நெருங்குகிற ஒருத்திக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை எவ்வளவு பெரிது என்பதைக் கதவே இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கம்ப்யூட்டர் புதிது இல்லை. பதினெட்டு வருஷம் ஒரு டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகையும், திருப்பலி அழைப்பிதழும், ஓட்டல் மெனு கார்டும் அடித்தவள். மெஷின் படுத்தால் திண்டுக்கல்லில் இருந்து ஆள் வர இரண்டு நாள் ஆகும் என்பதால், நானே ஸ்குரூவைக் கழற்றி உள்ளே செருகியிருக்கிற ராம் அட்டையைத் துடைத்து மாட்டக் கற்றுக்கொண்டேன். ஆனால் எந்தக் கடையில் போய்க் கம்ப்யூட்டர் என்ற வார்த்தையைச் சொன்னாலும், எதிரில் நிற்கிற ஆண்பிள்ளை உடனே எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். இந்த விஷயம் பின்னால் வரும்.

காற்றாடியே இல்லாத ஒரு சின்ன மதர்போர்டை வரவழைத்தேன். பதினேழு சென்டிமீட்டர் சதுரம், ஒரு இட்லித் தட்டு அளவு. சூட்டை உறிஞ்சி வெளியே விட முதுகில் அலுமினியச் செதில்கள். ஹார்ட் டிஸ்கும் ஓடாத ரகம். உள்ளே சுற்றுகிற பொருள் என்று ஒன்றும் கிடையாது. கொடைக்கானல் குளிரில் அதற்கு மேல் என்ன வேண்டும், மலையே ஏசி. இதை வைக்க ஒரு பெட்டிதான் பாக்கி. கடையில் கிடைத்த பெட்டிகள் எல்லாம் கறுப்புத் தகரம், அதிலும் காற்றாடி மாட்ட வட்ட ஓட்டை. எனக்கு அது வேண்டாம். உள்ளே எதுவும் சுற்றவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல ஒரு வெறி. கண்ணாடி மாதிரி அக்ரிலிக்கில், ஐந்து மில்லி கனத்தில், நானே வரைந்து செய்வது என்று முடிவு செய்தேன்.

வரைந்தேன். எவ்வளவு ஆனந்தமாக வரைந்தேன். கிராஃப் தாளில் பென்சிலைச் சீவிச் சீவி ஒரு மாதம். மேல் பலகையில் சூடான காற்று வெளியேற நீளமாக ஒரு பிளவு. பின் பலகையில் வயர்கள் வர ஒரு பெரிய செவ்வகத் திறப்பு, பக்கத்திலேயே சுவிட்சுக்கு ஒரு வட்ட ஓட்டை. அடிப்பலகையில் மதர்போர்டை நிறுத்துகிற நாலு பித்தளைக் கால்களுக்கு நாலு ஓட்டை. முன் பலகை வெறுமையாக, ஒரு கீறல்கூட இல்லாமல், பனி இறங்கிய காலை மாதிரி. அந்த ஒரு மாதத்தில் புத்தகத்தில் ஒரு வரி எழுதவில்லை. ஆனால் எழுதவில்லை என்ற உறுத்தலும் இல்லை. எழுதுவதற்கான அமைதியைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன் அல்லவா. விளக்கு வைக்கிறேன் என்று சொல்லித் திரியை மட்டும் உருட்டிக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

மேலே அக்ரிலிக் வெட்டுகிற ஆள் கிடையாது. சாக்லேட் விற்க ஆள் உண்டு, யூகலிப்டஸ் தைலம் விற்க நூறு ஆள் உண்டு. வெட்டப் பழனிக்குத்தான் இறங்க வேண்டும். பஞ்சாமிர்தக் கடைக்கும் லாட்ஜுக்கும் மொட்டை அடிக்கிற இடத்துக்கும் ராத்திரி பகலாக எரிகிற எழுத்து தேவைப்படுகிற ஊர். ஒவ்வொரு எழுத்தும் அக்ரிலிக். வெள்ளனே பஸ் ஏறி, வாந்தி எடுக்கிறவர்களுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் லேசர் மெஷின் வைத்திருக்கிற ஒரு போர்டு கடையைப் பிடித்தேன். கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி. ஒரு காதில் போன். இன்னொரு காதை எனக்குக் கொடுத்தார்.

நான் கம்ப்யூட்டர் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. பாடம் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. "பெட்டி" என்றேன். மேலே வாய் இருக்கு, பின்னால் திறப்பு இருக்கு, அடியில் நாலு ஓட்டை, தாளில் எல்லா அளவும் இருக்கு என்றேன். அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எப்போது வேண்டும் என்றார். கடைசியாகத்தான் முக்கியமானதைச் சொன்னேன்.

"மத்ததெல்லாம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல தம்பி. சத்தம் மட்டும் வரவே கூடாது."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். என் வாழ்க்கையில் அந்த வாக்கியத்துக்கு யாரும் அப்படித் தலையாட்டியது இல்லை. பதிப்பாளர் இல்லை, கணவர் இல்லை. புரிந்துகொள்ளப்படுதல் என்றால் இதுதான் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைப் பற்றி ஒரு துண்டுகூட மனசுக்குள் ஓடியது. நல்லவேளை, எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். பெட்டி கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் தனியாக இருந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, மேலே ஒரு சின்னச் சாமந்தி. புதுச் சரக்கு என்றால் ஊர் வழக்கப்படி பொட்டு வைப்பார்கள், சரி என்று கிட்டப் போனேன். முன் பலகையில், என் வெறுமையான, பனி இறங்கிய முன் பலகையில், ஒரு சாண் நீளத்துக்கு அழகாக வெட்டியிருந்தது: காணிக்கை.

இது என்ன என்று நான் கேட்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"எந்தக் கோயிலுக்குக்கா? நீங்க சொல்லல. அதான் பேர் போடாம பொதுவா விட்டுட்டேன்."

உண்டியல். என் தாளில் இருந்த ஒவ்வொரு கோடும் அவருக்கு உண்டியலாகத் தெரிந்திருக்கிறது. அந்த ஊரில், மேலே வாய் உள்ள கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தால் வேறு எதுவும் யாருக்கும் தோன்றாதுதான். அன்னதானத்துக்கு ஒன்று, கும்பாபிஷேகத்துக்கு ஒன்று, காவடிக்காரர் தங்குகிற மண்டபத்துக்கு ஒன்று என்று மாசத்துக்கு ஏழெட்டு செய்கிறவர். ஒவ்வொன்றாக விளக்கினார், ஒரு நல்ல உரையாசிரியர் மாதிரி. பின்னால் இருந்த செவ்வகம் பணத்தை எடுக்கிற கதவு. அதற்குக் கீல் வைத்து மூடியிருந்தார். பக்கத்து வட்ட ஓட்டை பூட்டுக்கு. பூட்டு போட்டிருந்தார், இரண்டு சாவியோடு. அடியில் நாலு ஓட்டை, எவனும் தூக்கிக்கொண்டு போகாமல் தரையில் போல்ட் அடிக்க. மேல் பிளவு மட்டும் கொஞ்சம் அகலமாகப் போட்டுவிட்டேனாம். கை உள்ளே போய்விடும். அதனால் உள்பக்கம் சாய்வாக ஒரு தடுப்புப் பலகை ஒட்டியிருந்தார். போட்டது போட்டதுதான், குச்சி விட்டாலும் நோட்டு மேலே வராது. சூடான காற்றும் வராது என்பதை நான் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் தன் மாஸ்டர் வேலைக்கு வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துப் பிளவில் போட்டார்.

ஒன்றும் கேட்கவில்லை.

"கேட்டுச்சாக்கா? கேக்காது." பெட்டியைச் சாய்த்து அடியைக் காட்டினார். சிவப்பு வெல்வெட். அதற்குக் கீழே பஞ்சு ஷீட். "இத்தன வருசத்துல சத்தம் வரக்கூடாதுன்னு கேட்ட ஒரே ஆளு நீங்கதான். எல்லாவனும் சத்தம் வரணும்னுதான் கேப்பான். ணங்குன்னு விழுந்தாத்தான் அடுத்தவன் போடுவான்னு. நீங்க சில்லறை போடுறவன நெனச்சுப் பாத்தீங்க பாருங்க. அவனுக்கு அந்தச் சத்தம் கூச்சம்க்கா."

அங்கே நின்றுகொண்டு எனக்குச் சிரிப்பா வெட்கமா என்று தெரியவில்லை. நான் யாரையும் நினைத்துப் பார்க்கவில்லை. என் காதை மட்டும்தான் நினைத்திருந்தேன். அவரோ எனக்கு இல்லாத ஒரு நல்ல மனசைக் கண்டுபிடித்து, அதற்கு வெல்வெட் வேறு ஒட்டியிருக்கிறார்.

கடைசியில் சொல்ல வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டர் வைக்கிற பெட்டி தம்பி, என்றேன். அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு மலர்ந்தது. மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா என்றார். அடுத்த கால் மணி நேரம் கம்ப்யூட்டர் என்றால் என்ன, அதற்குள்ளே என்னென்ன இருக்கும், காற்றாடி இல்லாமல் ஏன் ஓடவே ஓடாது என்று எனக்கு விளக்கினார். நான் நின்று கேட்டேன். தப்பிக்கப் பார்த்த பாடத்தை இரண்டு மடங்காகக் கேட்டேன்.

அக்ரிலிக்கைக் குளோரோஃபார்ம் விட்டு ஒட்டினால் அது ஒட்டு இல்லை, ஒன்றாகிவிடும். பிரிக்கப் பார்த்தால் உடையும். தடுப்புப் பலகையை மட்டும் பிளேடைச் சூடாக்கி அறுத்து எடுத்தார். எடுக்கையில் மேல் பலகையில் முடி கனத்தில் ஒரு விரிசல் ஓடியது. கதவும் பூட்டும் ஸ்குரூதான், கழன்று வந்தன. எழுத்தை என்ன செய்வது என்றேன்.

"வெட்டுன எழுத்துக்கா, அது போகாது. வேணும்னா கோல்டு அடிச்சுத் தரேன்."

வேண்டாம் என்றேன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலையேறியது தனிக் கதை. பொட்டை அழிக்க மறந்திருந்தேன். நின்றுகொண்டிருந்த என்னை ஒருவர் எழுந்து உட்காரச் சொன்னார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும்போது செருப்புக் காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த அம்மாள், பாதி வழியில் இறங்குகிறவர், எந்தக் கோயில் என்று கேட்டார். வீட்டுக்குத்தான் என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்டுக்கே உண்டியலா," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. இறங்குகிற வரைக்கும் அப்புறம் என் பக்கம் திரும்பவும் இல்லை.

வீட்டில் மாட்டினேன். உண்டியல் என்று நினைத்துச் செய்தாலும் அளவில் அவர் அரை மில்லி பிசகவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தரையில் அடிக்க வேண்டிய நாலு ஓட்டையில் நாலு பித்தளைக் கால் கச்சிதமாக உட்கார்ந்தன. பூட்டு இருந்த இடத்தில் சுவிட்ச். பணம் எடுக்கிற வாசல் வழியாக வயர். வெல்வெட்டைப் பிய்க்கப் பார்த்தேன், பசை பல்லை இளித்தது, விட்டுவிட்டேன். எழுத்தைச் சுவர் பக்கம் திருப்பினால் வயர்க் குடல் எல்லாம் என்னைப் பார்க்கிறது. குடலைச் சுவர் பக்கம் திருப்பினால் காணிக்கை என்னைப் பார்க்கிறது. காணிக்கையே பார்க்கட்டும் என்று விட்டேன்.

சுவிட்சை அழுத்தினேன். உள்ளே ஒரு நீல விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். செருமல் இல்லை, முக்கல் இல்லை. சிவப்பு மெத்தை மேல், செதில் வைத்த ஒரு மீன் மூச்சு விடாமல் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. கணவர் வந்து குனிந்து காதை வைத்தார். ஆன் ஆயிருக்கா என்றார். ஆகியிருக்கிறது என்றேன். எழுத்தைப் படித்தார். ஏதோ கேட்கப் போய், ரிசப்ஷன் முகத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சித்திரை பிறக்கப் பதினெட்டு நாள் இருந்தது.

முதல் வாரம் மற்ற சத்தங்கள் எல்லாம் வரிசையில் வந்தன. காற்றாடி இத்தனை நாள் அவற்றை என்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறது, எனக்கு அந்த நன்றிகூட இல்லாமல் போயிற்று. மேல் ரோட்டில் டெம்போ டிராவலர் ரிவர்ஸ் எடுக்கும்போது பாடுகிற பாட்டு. எதிர் ஹோம்ஸ்டேயில் சாயங்காலம் கேம்ப்ஃபயர், கூடவே ஸ்பீக்கர், இயற்கையை ரசிக்க வந்தவர்கள் இயற்கைக்குப் போட்டுக்காட்டுகிற குத்துப்பாட்டு. வாட்டர் டேங்க் நிரம்பி வழிகிற சொட்டு. கணவர் போனில் யாரிடமோ "ஈஸ்ட் ஃபேசிங் சார்" என்று சொல்கிற சத்தம், அது மட்டும் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். இன்னும் கொஞ்சம் காரணம் மிச்சம் இருக்கிறது என்று எனக்குள் ஒரு நிம்மதி.

அப்புறம் அந்த நாள் வந்தது. பங்குனியில் ஒரு புதன்கிழமை. கவுஞ்சிப் பக்கமிருந்து எழும்பி வந்த பனி காலையிலேயே இறங்கி ரோட்டை மூடிவிட்டது. வண்டி வரவில்லை. எதிர் வீட்டில் ஆள் இல்லை. கணவர் டூட்டியில். டேங்க் காலி. பெருமாள் மலை போய்விட்டது, ஜன்னலில் வெள்ளைத் தாள் மட்டும். ஒரு சத்தம், ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. நாலு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது வந்து மேஜைக்கு முன்னால் நின்றது. சரி, எழுது என்றது.

நாற்பத்தோரு துண்டுகளையும் முதலிலிருந்து படித்தேன். அந்த அமைதியில் படித்ததுதான் தப்பு. இரைச்சலில் எழுதியபோது எல்லாம் வேறு வேறாகத் தெரிந்தவை, இப்போது ஒரே துண்டாகத் தெரிந்தன. பனி வருகிறது, மலை மறைகிறது, நான் இருக்கிறேன். மறுபடி பனி. மறுபடி நான். பக்கத்துக்கு இரண்டு தடவை மௌனம் என்று எழுதியிருந்தேன், மௌனம் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே. எல்லாம் கடன் வாங்கிய மௌனம். ஒரு வேகத்தில், மூடுபனி என்ற சொல்லைத் தேடி எல்லா இடத்திலும் நீக்கிப் பார்த்தேன். சில துண்டுகளில் 'போல' மட்டும் மிஞ்சியது. பயந்துபோய் அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்தேன். பெட்டிக்குள் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் காணிக்கை என்று எழுதியிருந்தது. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி போடவில்லை. போட எதுவும் என்னிடம் இல்லை என்பதைக் காற்றாடி எவ்வளவு மரியாதையாக மறைத்து வைத்திருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

மிச்ச நாட்களில் நான் வெல்வெட்டைத் துடைத்தேன். விரிசலுக்கு டேப் ஒட்டினேன். மதர்போர்டின் சூடு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து எழுதி வைத்தேன். புத்தகத்தைத் தவிர எல்லாம் எழுதினேன்.

சித்திரைக்கு முந்தின நாள் கணவர் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அது இன்னும் என் அறை என்பதற்கு அவர் கொடுத்த கடைசி மரியாதை.

"சத்தம் நின்னுருச்சுல்ல?"

"நின்னுருச்சு."

"பெறகு?"

அவ்வளவுதான் கேட்டார். கேலி இல்லை, எகத்தாளம் இல்லை. மறுநாள் கட்டில் வந்தது. நானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போட்டேன். பெட்ஷீட்டை நானே விரித்தேன், மூலையில் சுருக்கம் இல்லாமல். மேஜை சமையலறைக்கு வெளியே, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் போயிற்று. மேஜை மேல் பெட்டி.

முதல் விருந்தாளிகள் கரூர்ப் பக்கத்துக் குடும்பம். கீழே முருகனைப் பார்த்துவிட்டு, முடி இறக்கிவிட்டு, அப்படியே மேலே ஏறியவர்கள். எல்லார் தலையிலும் சந்தனம். பிள்ளைகள் என் ஜன்னலில் தொங்கிக்கொண்டு மேகம் உள்ளே வருது, மேகம் உள்ளே வருது என்று கத்தினார்கள். நான் நாற்பத்தோரு துண்டில் சுற்றிச் சுற்றிச் சொன்னதை மூன்று வார்த்தையில். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். அந்த வீட்டுப் பெரியம்மா, மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் வந்தவர் பெட்டி முன்னால் நின்றுவிட்டார். எழுத்தைப் படித்தார். உள்ளே சிவப்புப் பட்டு மாதிரி வெல்வெட், அணையாத நீல விளக்கு. செருப்பைக் கழற்றிவிட்டார்.

"என்ன சாமிங்க?"

நான் பதில் தேடுவதற்குள் என் கணவர் பின்னாலிருந்து சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷ ரிசப்ஷன். விருந்தாளியைச் சங்கடப்படுத்தக் கூடாது.

"குலசாமிங்கம்மா."

அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, காசு போர்டில் விழுந்தால் எல்லாம் போச்சு என்று எனக்குத் தெரியும். கையை நீட்டித் தடுத்திருக்கலாம். கும்பிட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தியைப் பார்த்து, இது கம்ப்யூட்டர் என்று எப்படிச் சொல்வது? காசு பிளவில் இறங்கியது. செதில் ஓரமாக நழுவி மெத்தையில் விழுந்தது. ணங் என்றில்லை, டிங் என்றில்லை, ஒன்றுமே கேட்கவில்லை. பழனிக்காரர் செய்து கொடுத்த வேலை. அம்மாள் யாருக்கும் தெரியாமல் போட்ட திருப்தியில் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். திரை அப்படியே இருந்தது. நாற்பத்தோரு துண்டும் இருந்தன. அந்தப் பெட்டியில் இதுவரை விழுந்ததில் கனமுள்ள பொருள் அந்தக் காசு ஒன்றுதான்.

அன்றைக்கு மத்தியானம் பதிப்பாளரிடமிருந்து செய்தி வந்தது. புது மெஷின் வந்துவிட்டது என்று சொன்னீர்களே, பிரதி எப்போது என்று. பிள்ளைகள் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஃபிரிட்ஜ் உறுமியது. கரூர்க்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டு, மறுமுனையில் இருக்கிறவருக்குப் பெருமாள் மலையை விவரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாத அந்த மெஷினில் நான் பதில் அடித்தேன்: வீட்டில் விருந்தாளிகள். சீசன் முடிகிற வரை ஒரே இரைச்சல். மன்னிக்கவும்.

அனுப்பிவிட்டு ஒரு தரம் படித்துப் பார்த்தேன். புதிதாக இருந்தது. புரிந்தது. பொய்யும் இல்லை.

பால் டம்ளரோடு பின்னால் வந்து நின்றிருந்த கணவரும் படித்திருக்கிறார்.

"அடுத்த பெட்டியக் கொஞ்சம் பெருசாச் செய்யச் சொல்லு," என்றார். "நீயே உள்ள உக்காந்துக்கலாம். வெரசா சொல்லு, அந்தத் தம்பிக்கு சீசன்ல வேலை சாஸ்தி."

சிரித்தேன். அவரும் சிரித்தார். டம்ளரை வைத்துவிட்டு விருந்தாளிகளைப் பார்க்கப் போனார். நான் காசை எடுக்கப் பின் வாசல் வழியாக இரண்டு விரலை விட்டேன், எட்டவில்லை. பணம் எடுக்கிற வாசலை வயர்க் குடல் அடைத்திருந்தது. பிறகு மேஜையின் இழுப்பறையைத் திறந்து கிராஃப் தாளைத் தேடினேன். ஒரு ஆள் உட்கார எவ்வளவு உயரம் வேண்டும் என்று சும்மா பார்த்து வைக்கலாம் என்று.